43-க்கு 42: ஒரு கோப்பையும் அதன் பின்கணக்கும்



நம் குடியிருப்பின் பின்பக்கத் திடலில் சாயங்காலம் ஐந்து மணிக்குப் பிள்ளைகள் பந்து உதைக்கும் சத்தம் உங்கள் வீட்டுக்கும் கேட்கும். போன மாதம் நடைப்பயிற்சி முடித்து அங்கே உட்கார்ந்திருந்தபோது ஒரு பையன் வந்து கேட்டான்: "தாத்தா, நம்ம தமிழ்நாட்டு டீம் எப்பவாவது இந்தியாவுக்கே சாம்பியன் ஆகியிருக்கா?"

"ஆகியிருக்கு தம்பி. சென்னை சிட்டின்னு ஒரு டீம். கோயம்புத்தூர்ல வச்சு ஜெயிச்சது" என்றேன்.

"அந்த டீம் இப்ப எங்க ஆடுது?"

இந்த இரண்டாவது கேள்விக்கு உடனே பதில் சொல்ல வரவில்லை. அவனுக்குச் சொல்ல வேண்டிய பதிலைத்தான் இங்கே உங்களுக்கு எழுதுகிறேன். கடைசியில் நம் சங்கத்துக்கும் ஒரு கோரிக்கை இருக்கிறது. அதுவரை பொறுமையாக வாசிக்கக் கேட்டுக்கொள்கிறேன்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். விளம்பரமும் சினிமா நட்சத்திரங்களுமாக நீங்கள் தொலைக்காட்சியில் பார்த்த 'சென்னையின் எஃப்.சி.' வேறு, நான் சொல்லும் 'சென்னை சிட்டி எஃப்.சி.' வேறு. முன்னது 2014-இல் தொடங்கிய இந்தியன் சூப்பர் லீக்கில் ஆடும் அணி. 2015-இலும் 2017-18-இலும் அந்தக் கோப்பையை வென்றது. பின்னது ஐ-லீக் அணி. 1996-இல் தொடங்கிய தேசியக் கால்பந்து லீக்கின் தொடர்ச்சியாக 2007-இல் வந்ததுதான் ஐ-லீக். ஈஸ்ட் பெங்கால், மோகன் பகான் போன்ற நூறு வயதை எட்டிய சங்கங்கள் அதில்தான் ஆடிவந்தன. சில ஆண்டுகள் இரண்டு லீக்குகளும் பக்கத்துப் பக்கத்தில் நடந்தன. ஆசிய சாம்பியன்ஸ் லீக் தகுதிச் சுற்றுக்குப் போகும் உரிமை அப்போது ஐ-லீக் சாம்பியனுக்கே இருந்தது.

அதற்கும் முந்தைய காலத்தில் நம் மாநிலத்தில் கால்பந்து என்றால் அலுவலக அணிகள்தான். ரயில்வே, ஐ.சி.எஃப்., சுங்கத்துறை, வங்கிகள் என்று சென்னை லீக்கில் ஆடினார்கள். இந்தியன் வங்கி அணி தேசிய லீக்கின் முதல் பிரிவிலேயே ஆடியிருக்கிறது. விளையாட்டு ஒதுக்கீட்டில் வேலைக்கு வந்தவர்களோடு கவுன்ட்டரில் உட்கார்ந்து வேலை பார்த்தவன் நான். காலையில் பயிற்சி, மதியம் பேரேடு. முழங்கால் தேய்ந்து ஆட்டம் முடிந்த பிறகும் அவர்களுக்குச் சம்பளம் வந்தது. பிறகு பென்ஷனும் வந்தது. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

சென்னை சிட்டி, ராயபுரத்தில் 1946-இல் தொடங்கப்பட்ட நேதாஜி ஸ்போர்ட்ஸ் கிளப்பின் வழியில் வந்த சங்கம். ரோஹித் ரமேஷ் அதன் உரிமையாளர் ஆனார். 2016-17-இல் ஐ-லீக்கில் நேரடியாக இடம் கிடைத்தது. அந்த ஆண்டு பத்து அணிகளில் எட்டாவது இடம். அடுத்த ஆண்டு சொந்த மைதானத்தைக் கோயம்புத்தூர் நேரு விளையாட்டரங்கத்துக்கு மாற்றிக்கொண்டார்கள். அப்போதும் பத்தில் எட்டு. குமரிக் கடற்கரையிலிருந்து வந்த மைக்கேல் சூசைராஜ் அந்தப் பருவத்தில் பிரமாதமாக ஆடினார். பருவம் முடிந்ததும் சூப்பர் லீக்கின் ஜம்ஷெட்பூர் அணி அவரை அழைத்துக்கொண்டது. நல்ல ஆட்டக்காரர் ஒருவர் தேறினால் அவரைப் பெரிய பணம் கொண்டுபோகும். சிறிய சங்கத்தின் தலையெழுத்து அது.

அப்படிப்பட்ட அணி 2018-19-இல் என்ன செய்தது என்பதுதான் கதை.

பயிற்சியாளர் சிங்கப்பூரைச் சேர்ந்த அக்பர் நவாஸ். ஸ்பெயினிலிருந்து வந்த வெளிநாட்டு ஆட்டக்காரர்கள்: கோல்கீப்பர் நவுசெட் சந்தானா, பின்களத்தில் ராபர்ட்டோ எஸ்லாவா, நடுக்களத்தில் சாண்ட்ரோ ரோட்ரிகஸும் நெஸ்டர் கோர்டிலோவும், முன்களத்தில் உருகுவேயில் பிறந்த பெட்ரோ மன்சி. ஐரோப்பாவில் யாருக்கும் தெரியாத பெயர்கள். அங்கே கீழ்ப்பிரிவுகளில் ஆடிக்கொண்டிருந்தவர்கள். அவர்களோடு எட்வின் சிட்னி வான்ஸ்பால், அலெக்சாண்டர் ரொமாரியோ ஜேசுராஜ், அஜித்குமார், சார்லஸ் ஆனந்தராஜ் என்று நம் பக்கத்துப் பிள்ளைகள். பெரிய விலை கொடுத்து வாங்கிய பெயர் ஒன்றுகூட இல்லை.

2018 அக்டோபர் 26 அன்று முதல் ஆட்டம். கோயம்புத்தூரில் இந்தியன் ஆரோஸ் அணியை 4-1 என்று வென்றார்கள். மன்சி மட்டும் மூன்று கோல். ஏதோ தொடக்க நாள் வேகம் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். அந்த வேகம் மார்ச் மாதம் வரை குறையவில்லை. பதினோரு அணிகள், ஆளுக்கு 20 ஆட்டங்கள். ஈஸ்ட் பெங்காலைக் கொல்கத்தாவிலும் வென்றார்கள், கோயம்புத்தூரிலும் வென்றார்கள். மன்சி பருவம் முழுவதும் 21 கோல் போட்டார். சர்ச்சில் பிரதர்ஸின் வில்லிஸ் பிளாசாவும் அதே 21. நடுவில் 2019 தொடக்கத்தில் சுவிட்சர்லாந்தின் பாசல் சங்கம் சென்னை சிட்டியின் 26 சதவீதப் பங்கை வாங்கியது. ஐரோப்பிய சங்கம் ஒன்று தேடிவந்து பணம் போட்டது என்றால் எவ்வளவு நம்பிக்கை இருந்திருக்கும் என்று பாருங்கள்.

மார்ச் தொடக்கத்தில் கோவாவின் சர்ச்சில் பிரதர்ஸிடம் 3-2 என்று தோற்றதும் எல்லாக் கணக்கும் கடைசி நாளுக்குத் தள்ளிப்போனது. அன்றைய நிலவரம் இது: சென்னை சிட்டி 40 புள்ளி, ஈஸ்ட் பெங்கால் 39. வெற்றிக்கு 3 புள்ளி, சமனுக்கு 1. சென்னை சிட்டி வென்றால் கோப்பை. சமன் செய்து, ஈஸ்ட் பெங்காலும் வென்றுவிட்டால் 41-க்கு 42, கோப்பை கொல்கத்தாவுக்கு.

2019 மார்ச் 9, சனிக்கிழமை. ஒரே நேரத்தில் இரண்டு ஆட்டங்கள். கோயம்புத்தூரில் சென்னை சிட்டிக்கு எதிரே முந்தைய ஆண்டின் சாம்பியன் மினர்வா பஞ்சாப். கோழிக்கோட்டில் ஈஸ்ட் பெங்காலுக்கு எதிரே கோகுலம் கேரளா. பாலக்காட்டுக் கணவாய்க்கு இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று.

ஆட்டம் தொடங்கிய சில நிமிடங்களிலேயே மினர்வா கோல் போட்டது. இடைவேளை வரை 0-1. சொந்த மைதானத்தில், இவ்வளவு ஜனங்களுக்கு முன்னால், ஐந்து மாத உழைப்பு கை நழுவுகிற நேரம். இரண்டாம் பாதியில் பெனால்டி கிடைத்தது; மன்சி சமன் செய்தார். சமன் போதாது என்பது மைதானத்தில் இருந்த எல்லோருக்கும் தெரியும். அப்போது கோல் போட்டவர் ஸ்பெயின்காரரும் இல்லை, தமிழரும் இல்லை. அசாமிலிருந்து வந்த கவுரவ் போரா. பின்னால் நின்று தடுக்க வேண்டியவர் முன்னால் ஏறி வந்து அடித்தார். ஆட்ட நேரம் முடிந்து கூடுதல் நிமிடங்களில் இன்னொன்றும் அவரே அடித்தார். 3-1.

கோழிக்கோட்டில் கோகுலம்தான் முதலில் கோல் போட்டது. ஈஸ்ட் பெங்கால் விடவில்லை. இரண்டு கோலைத் திருப்பிப் போட்டு 2-1 என்று வென்றது. ஆகவே போரா அடித்திருக்காவிட்டால் கோப்பை நமக்கு இல்லை.

இறுதிக் கணக்கு இது. சென்னை சிட்டி: 13 வெற்றி, 4 சமன், 3 தோல்வி, 43 புள்ளி. ஈஸ்ட் பெங்கால்: 13 வெற்றி, 3 சமன், 4 தோல்வி, 42 புள்ளி. வெற்றிகள் இருவருக்கும் சரிசமம். தோற்றிருக்க வேண்டிய ஏதோ ஓர் ஆட்டத்தில் காப்பாற்றிய ஒரு சமன்தான் வித்தியாசம். நாள் முடிவில் ஒரு ரூபாய் உதைக்கிறது என்று இரவு எட்டு மணி வரை பேரேட்டைப் புரட்டியவர்களுக்கு அந்த ஒரு புள்ளியின் அருமை தெரியும். தமிழ்நாட்டுச் சங்கம் ஒன்று ஐ-லீக் கோப்பையை வென்றது அதுதான் முதல் தடவை. அடுத்து நடந்த சூப்பர் கோப்பைப் போட்டியில், அந்த ஆண்டு சூப்பர் லீக் சாம்பியனான பெங்களூரு அணியையும் 2-1 என்று வென்று அரையிறுதி வரை போனார்கள்.

இனி அந்தப் பையனின் இரண்டாவது கேள்வி.

கோப்பை வென்று ஏழே மாதம். 2019 அக்டோபரில் ஆசியக் கால்பந்துக் கூட்டமைப்பு இந்தியன் சூப்பர் லீக்கை நாட்டின் முதல் பிரிவாக அங்கீகரித்தது. ஐ-லீக் இரண்டாம் படிக்கு இறங்கியது. முதல் பிரிவின் சாம்பியன், தோற்காமலே இரண்டாம் பிரிவு அணி ஆனது. ஐ-லீக்கை வென்றால் மேலே ஏறலாம் என்ற வழியும் உடனே திறக்கவில்லை. எட்வின் சென்னையின் அணிக்குப் போனார். மன்சி 2020 தொடக்கத்தில் ஜப்பானுக்குப் போனார். ரொமாரியோ பிறகு கோவா அணிக்குப் போனார். ஆசிய சாம்பியன்ஸ் லீக் தகுதிச் சுற்றில் தோற்று, ஏ.எஃப்.சி. கோப்பையில் மாலத்தீவின் மசியா அணியோடு 2-2 என்று சமன் செய்த கையோடு கொரோனா வந்து எல்லாவற்றையும் நிறுத்தியது. 2020-21 லீக் முழுவதும் வங்காளத்தில் பூட்டிய மைதானங்களில் நடந்தது. கோயம்புத்தூர் ஜனங்களுக்கு அணியைப் பார்க்கவே வழியில்லை. 2021-22 லீக்கின் அணிப் பட்டியலில் சென்னை சிட்டியின் பெயர் இல்லை.

2019 மார்ச் 9 அன்று களத்தில் நின்ற நான்கு அணிகளையும் இன்று எண்ணிப் பாருங்கள். ஈஸ்ட் பெங்கால் 2020-இல் சூப்பர் லீக்கில் சேர்ந்தது. கோகுலம் கேரளா 2020-21, 2021-22 என்று அடுத்தடுத்து இரண்டு முறை ஐ-லீக்கை வென்றது. மினர்வா கைமாறி, பெயர் மாறி, பஞ்சாப் எஃப்.சி. ஆகி, 2022-23 ஐ-லீக்கை வென்று, அதன் மூலம் சூப்பர் லீக்குக்கு ஏறிய முதல் அணி ஆனது. மற்ற மூன்று அணிகளும் தொடர்ந்து ஆடின. அன்று கோப்பை வென்ற அணி மட்டும் காணாமல் போனது.

யாரையும் குறை சொல்ல இதை எழுதவில்லை. அந்த உரிமையாளரின் துணிச்சல் இல்லாவிட்டால் அந்தக் கோப்பையே வந்திருக்காது. ஆனால் நம் ஓடைப்பட்டியில் திராட்சை போட்டவர்களுக்கு ஒன்று தெரியும். நாற்று வாங்குவதற்கு முன்னால் கல்லுக்கால் ஊன்றிக் கம்பி இழுத்துப் பந்தல் போட வேண்டும். கொடி எவ்வளவு நன்றாகக் காய்த்தாலும் பந்தல் சாய்ந்தால் குலையெல்லாம் மண்ணில்தான். மூன்றே ஆண்டில் எட்டாவது இடத்திலிருந்து முதல் இடத்துக்குக் காய்த்த கொடி அது. அதற்குக் கீழே சொந்த மைதானம் இல்லை. சந்தா கட்டும் உறுப்பினர் கூட்டம் இல்லை. ஒருவர் கை தளர்ந்தால் இன்னொருவர் தாங்கும் ஏற்பாடு இல்லை. நான் முன்னால் சொன்ன வங்கி அணிகள் பெரிய கோப்பைகளை அள்ளவில்லைதான். ஆனாலும் ஒரு மேலாளர் மாறியதால் அவை மறுநாளே கலைந்துபோகவில்லை.

இப்போது நம் திடலுக்கு வருகிறேன். ஆறு ஆண்டுகளாக அங்கே பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பவர் நம் பி பிளாக் நண்பர். பந்து, வலை, மருந்துப்பெட்டி, போட்டிக்குப் போகும் வேன் வாடகை எல்லாம் அவர் பையிலிருந்து போகிறது. சங்கத்தின் வரவு செலவில் அதற்கு ஒரு வரிகூட இல்லை, நான் பார்த்துவிட்டேன். வரும் ஜூனில் அவர் மகன் வீட்டுக்கு மதுரைக்குக் குடிபோகிறார். திடலில் பாதியைக் கார் நிறுத்தமாக மாற்றலாம் என்ற யோசனையும் அதே பொதுக்குழுவுக்கு வருகிறது. கார் வைத்திருப்பவர்களின் சிரமம் நியாயமானது. எனக்கும் கார் இருக்கிறது. ஆனால் சொல்ல ஆள் இல்லாத நேரத்தில் திடல் போய்விடக் கூடாது.

ஆகவே பொதுக்குழுவில் மூன்று தீர்மானங்களை முன்மொழிகிறேன். திடல் விளையாட்டுக்கே என்று நிகழ்ச்சிக் குறிப்பேட்டில் எழுதி வைப்பது. பராமரிப்புக் கட்டணத்தில் வீட்டுக்கு மாதம் இருபது ரூபாய் ஒதுக்கி, இரண்டு கையெழுத்தோடு தனிக் கணக்குத் தொடங்குவது. மூன்று பேர் கொண்ட குழு அமைத்து, ஆண்டுக்கு ஒருவர் விலகி ஒருவர் சேருவது. கணக்கு எழுதும் வேலையை நான் பார்த்துக்கொள்கிறேன். என் வயதையும் நினைத்துத்தான் அந்த மூன்றாவது தீர்மானத்தைச் சேர்த்திருக்கிறேன்.

அந்தப் பையன் இன்னும் பதிலுக்குக் காத்திருக்கிறான். "அந்த டீம் இப்ப இல்லப்பா" என்று சொல்லிவிடலாம். "உன் டீம் இருக்கும்" என்றும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அதற்கு உங்கள் கை தூக்கல் வேண்டும்.