விறகடுப்புப் புகைபோக்கிக் குழாய்

வட அமெரிக்கக் குளிர்ப் பிரதேசங்களில், வீட்டிற்கு உஷ்ணமூட்டும் இரும்பு விறகடுப்பின் புகையைக் கூரைக்கு மேலே கொண்டுசெல்லும் குழாய்த்தொடர். அடுப்பின் புகைவாய்க்குச் சமமான விட்டமே, பெரும்பாலும் 6 அங்குலம், இதற்கும் உரியது; விட்டம் மிகுந்தால் புகை விரைவில் குளிர்ந்து, மேலிழுக்கும் சக்தி குன்றி, கிரியோசோட் என்னும் எளிதில் தீப்பற்றும் கரும்பசை உட்சுவரில் படிந்துவிடும். அறைக்குள் ஒற்றைச்சுவர்க் குழாய் போதுமெனினும், மரச்சுவரிலிருந்து அது 18 அங்குலம் விலகி நிற்றல் அவசியம்; இரட்டைச்சுவர்க் குழாய்க்கு இவ்விடைவெளி பெரிதும் குறையும். ஆனால் மச்சையும் கூரையையும் ஊடுருவிச் செல்லும் பாகத்தில் சிக்கனம் பார்ப்பது விவேகமன்று. அங்கே, இரு சுவர்களுக்கிடையே வெப்பக்காப்புப் பொருள் திணித்த, துருப்பிடிக்காத எஃகுக் குழாயே வேண்டும். குழாய்களின் சுருக்கிய முனை அடுப்பை நோக்கிக் கீழே அமைதல் முறை. மாற்றிப் பொருத்தினால் கரும்பசை மூட்டுகளின் வழியே வெளியே ஒழுகும். கூரையைத் துளைக்குமிடத்திலிருந்து 3 அடியும், 10 அடி தூரத்திற்குள் உள்ள எப்பகுதியையும்விட 2 அடியும் புகைபோக்கி உயர்ந்திருத்தல் அங்குள்ள கட்டட விதி.