மலைக்குப் பிந்தி வந்த சுதந்தரம்

சிதம்பரத்திற்கு வடக்கே, பரங்கிப்பேட்டையில் கடலைச் சேரும் வெள்ளாற்றில் கல்வராயன் மலை மழையும் கலந்திருக்கிறது. கோமுகியும் மணிமுத்தா நதியும் கொண்டுவந்து சேர்த்த நீர் அது. அம்மலையில் 2,000, 3,000 அடி உயரத்தில் தினையும் சாமையும் விதைத்து வாழ்ந்து வந்தவர்களுக்கு மலையாளிகள் என்று பெயர். தமிழ் பேசுகிறவர்கள்தாம். காஞ்சிபுரத்திலிருந்து வந்த குடி என்பது அவர்கள் வழிவழியாகச் சொல்லும் கதை.

மலையின் கிழக்குப் பக்கம், 1993 வரை கடலூரைத் தலைநகராகக் கொண்டிருந்த தென்னார்க்காடு ஜில்லாவைச் சேர்ந்தது. ஆனால் மலையில் வரி வாங்கியவர்கள் சடையக் கவுண்டர், குரும்பக் கவுண்டர், அரியக் கவுண்டர் என்ற மூன்று ஜாகீர்தார்களே. கடலூரில் 1947ல் கொடியேறிற்று. ஜாகீர்களைச் சர்க்கார் எடுத்துக்கொண்டதோ 1976ல்!

மழைநீர் சில நாளில் இறங்கிவிடுகிற அந்த வழியில் சுதந்தரம் ஏறிச்செல்ல 29 வருஷம் பிடித்தது.