வெளுத்த முடியைக் கறுப்பாக்கும் முன் ஒரு வரலாற்றுப் பாடம்



தை பிறந்துவிட்டால் வத்திராயிருப்பில் கல்யாணக் களை கட்டிவிடும். சென்னையிலும் பெங்களூரிலும் வேலை பார்க்கும் நம் பிள்ளைகள் ஊருக்கு வருவார்கள். சிலர் தலையில் பொன்னிறக் கீற்றுகள் இருக்கும். பார்லரில் அதற்கு ‘ஹைலைட்ஸ்’ என்று பெயர். அப்பத்தா என்ன சொல்லுமோ என்று பயந்து, முகூர்த்தத்துக்கு முதல்நாள் ராத்திரி ஒரு டை பாக்கெட் வாங்கி வீட்டிலேயே பூசிவிடலாம் என்று நினைக்கிறார்கள். கீற்றுப் போட்டதையோ அதை மறைப்பதையோ நான் குறை சொல்லவில்லை. ஆனால் நரைத்த முடியும் வெளுக்க வைத்த முடியும் ஒன்றல்ல. ஏன் என்று புரிய வரலாற்றைக் கொஞ்சம் பார்க்க வேண்டும்.

நரையைப் பற்றிய கவலை நமக்குப் பழையது. இத்தனை வயதாகியும் நரைக்கவில்லையே, எப்படி என்று கேட்டவர்களுக்குப் பாண்டிய நாட்டுப் புலவர் பிசிராந்தையார் சொன்ன பதில் புறநானூற்றில் 191-ஆம் பாட்டாக இருக்கிறது. நல்ல மனைவி மக்கள், நல்ல அரசன், ஊரில் சான்றோர் என்று காரணங்களை அடுக்குகிறார். அந்தக் கொடுப்பினை இல்லாதவர்கள் சாயத்தைத் தேடினார்கள்.

6-ஆம் நூற்றாண்டில் வராகமிகிரர் எழுதிய பிருகத் சம்ஹிதையில் தலைச்சாயப் பக்குவமே இருக்கிறது. வரகரிசியைப் புளித்த காடியில், இரும்புப் பாத்திரத்தில், இரும்புப் பொடியோடு வேகவைத்து அரைத்துத் தலையில் பூசி, பச்சை இலையால் கட்டிவைக்க வேண்டும். கழுவிய பின் நெல்லிக்காய் விழுதைப் பூச வேண்டும். நம் வீடுகளில் நெல்லிக்காயையும் கரிசலாங்கண்ணியையும் இரும்புச் சட்டியில் ஊறவைப்பதும் இந்த வழிதான். நெல்லி, கடுக்காய் ஆகியவற்றின் துவர்ப்புச் சத்து இரும்போடு சேர்ந்தால் கறுக்கும். அந்தக் காலத்தில் எழுதும் மை காய்ச்சியதும் இதே முறையில்தான்.

இன்னொரு வழி மருதாணியும் அவுரியும். மருதாணி முடியில் செம்மை ஏற்றும்; அதன்மேல் அவுரி போட்டால் கறுக்கும். துணிக்கு நீலம் ஏற்றவும் அவுரிதான். சென்னை மாகாணத்தில் அது பெரும் பயிராக இருந்தது. 1897-இல் ஜெர்மனியின் ஆலை நீலம் சந்தைக்கு வந்ததும் அந்த விவசாயம் சரிந்தது.

இந்த வழிகளெல்லாம் முடியின்மேல் நிறத்தைச் சேர்ப்பவை. முடியிலிருந்து நிறத்தை எடுப்பது புது வித்தை. 1818-இல் பிரான்சில் தெனார் என்ற வேதியியலாளர் ஹைட்ரஜன் பெராக்சைடைக் கண்டுபிடித்தார். அந்த நூற்றாண்டின் பிற்பாதியில் பாரிசில் அதை முடி வெளுக்கப் பயன்படுத்தத் தொடங்கினார்கள். இன்றைய கீற்றுகளுக்கும் அடிப்படை அதுதான். முடிக்குள் இருக்கும் மெலனின் என்ற நிறமியை அது சிதைக்கிறது. மேல் செதில்கள் திறந்து, முடி பஞ்சுபோல உறிஞ்சத் தொடங்குகிறது.

1907-இல் யூஜின் ஷூலர் என்ற பிரெஞ்சு வேதியியலாளர் செயற்கைத் தலைச்சாயம் ஒன்றை உருவாக்கினார். 1909-இல் அவர் தொடங்கிய கம்பெனிதான் பின்னாளில் லோரியல் ஆனது. இன்றைய கறுப்பு டைகள் பெரும்பாலானவற்றில் இருப்பது பாராபினைலீன் டையமின், சுருக்கமாகப் பி.பி.டி. நிறமில்லாத அதன் சிறு மூலக்கூறுகள் முடிக்குள் புகுந்து, பெராக்சைடின் உதவியால் ஒன்றோடொன்று சேர்ந்து பெரிதாகிக் கறுத்து, வெளியே வரமுடியாமல் உள்ளேயே தங்கிவிடும்.

இப்போது நம் பிள்ளைகளின் சிக்கலுக்கு வருவோம். கறுப்பு முடிக்கு அடியில் சிவப்பும் மஞ்சளும் கலந்த சாயல் உண்டு. வெளுக்கும்போது அதுவும் போய்விடும். அந்த இடத்தில் பழுப்பு டையை நேரடியாகப் பூசினால் பச்சை தட்டலாம், சாம்பல் பூத்ததுபோலத் தெரியலாம். கறுப்பு டையோ கீற்றுகளில் மட்டும் மைபோல அப்பிக்கொள்ளும். அல்லது நாலைந்து குளியலில் திட்டுத் திட்டாக வெளிறும். அதனால்தான் விவரம் தெரிந்தவர்கள் கீற்றுகளில் முதலில் செம்பொன் சாயல் ஏற்றிவிட்டு, வேண்டிய நிறத்தைவிட ஒரு படி இளம் நிறத்தை மேலே பூசுகிறார்கள். எதுவானாலும் காதுக்குப் பின்னால் ஒரு சிறு கற்றையில் போட்டுப் பார்த்த பிறகே தலை முழுக்கப் போக வேண்டும். மருதாணி, அவுரி என்றாலும் இதே எச்சரிக்கை பொருந்தும். வெளுத்த முடியில் மருதாணி பளீரென்று ஆரஞ்சாகும். அவுரி பச்சை காட்டும்.

முடி கெட்டால் வெட்டிவிடலாம். தோல் அப்படியில்லை. பி.பி.டி. சிலருக்குக் கடும் ஒவ்வாமை தரும். ஜெர்மனி, பிரான்ஸ், ஸ்வீடன் நாடுகள் 20-ஆம் நூற்றாண்டில் சில காலம் அதைத் தலைச்சாயத்தில் தடை செய்திருந்தன. முன்பு நாலு முறை பூசி ஒன்றும் ஆகாதவருக்கு ஐந்தாம் முறை வரலாம். திருவிழாக் கடைகளில் கையில் போடும் ‘கறுப்பு மெஹந்தி’யிலும், மருதாணி என்ற பெயரில் விற்கும் பல கறுப்புப் பொடிகளிலும் இது கலந்திருப்பதுண்டு. உண்மையான மருதாணி ஒருநாளும் கறுப்பாகப் பிடிக்காது. ‘அம்மோனியா இல்லை’ என்று அட்டையில் போட்டிருந்தால் பி.பி.டி. இல்லை என்று அர்த்தமல்ல.

டை பாக்கெட்டில் பொடி எழுத்தில் இரண்டு எச்சரிக்கைகள் இருக்கும்: முதலில் சோதித்துப் பார்க்க வேண்டும், புருவத்திலும் இமை முடியிலும் பூசக் கூடாது, பார்வை போகலாம். ஆங்கிலத்திலும் உள்ளூர் மொழியிலும் இதை அச்சிட வேண்டும் என்பது நம் நாட்டுச் சட்டம். சோதனை என்பது முழங்கை மடிப்பில் கொஞ்சம் பூசி 48 மணி நேரம் பார்ப்பது. அதற்கே இரண்டு நாள் வேண்டும் என்றால் முதல்நாள் ராத்திரி வேலை எப்படி ஆகும்? அரிப்போ தடிப்போ வந்தால் அந்த டை உங்களுக்கு ஆகாது. பூசிய பின் இமை வீங்கினாலோ மூச்சு திணறினாலோ கை வைத்தியம் வேண்டாம், உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

அவசரமென்றால் கீற்றுகளை உள்ளே வைத்துப் பின்னி, மேலே நாலு முழம் மல்லிகை வைத்துவிடுங்கள். ஒரு தோஷமும் இல்லை.

உங்கள் வீட்டில் இரும்புச் சட்டிப் பக்குவம் தெரிந்த பெரியவர்கள் இருந்தால் கேட்டு, அளவோடு எழுதிவையுங்கள். இங்கே கீழேயும் பதியுங்கள். எழுதிவைத்ததால்தான் வராகமிகிரரின் வரகரிசிச் சாயம் 1,400 ஆண்டு தாண்டியும் நம் கைக்கு வந்து சேர்ந்திருக்கிறது.