மேகத்துக்குக் கிழமை தெரியுமா?

அமெரிக்காவில் பனியை ஒழுங்காக அளக்கச் சொல்லிக்கொடுத்தவர் வானிலை நிபுணர் இல்லை. ஒரு லத்தீன் வாத்தியார்! பெயர் ஜேம்ஸ் சர்ச். நெவாடா மாநிலம், ரீனோ நகரப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர். 1900-களின் ஆரம்பத்தில், 10,000 அடிக்கு மேல் உயரமுள்ள மவுண்ட் ரோஸ் சிகரத்தில் ஏறுவார் மனுஷர். நீளமான குழாயைப் பனிக்குள் செருகி, உள்ளே சிக்கிய பனியோடு அப்படியே தூக்கி எடை போடுவார்.

எத்தனை அங்குலம் என்பதல்ல அவர் கவலை. உருகினால் எவ்வளவு தண்ணீர்? அதுதான் கேள்வி. கீழே இருக்கும் தாஹோ ஏரித் தண்ணீருக்காகக் கரையில் இருந்தவர்களுக்கும் கீழ்ப்பகுதிக்காரர்களுக்கும் ஓயாத தகராறு. ஏரி எவ்வளவு உயரும் என்று முன்கூட்டியே சொல்லியாக வேண்டும். கூட்டிச் சொன்னாலும் வம்பு, குறைத்துச் சொன்னாலும் வம்பு. அதனால் கணக்கு சுத்தமாக இருந்தது.

பின்னாளில் அதே பனி, விற்பனைச் சரக்கானது. பனிச்சறுக்கு ரிசார்ட்டுகள் முளைத்தன. 'நேற்று ராத்திரி எத்தனை அங்குலம் புதுப்பனி?' என்று பார்த்துத்தான் ஜனங்கள் காரை எடுப்பார்கள். அளந்து சொல்வது யார்? ரிசார்ட்டேதான். தராசு கடைக்காரர் கையில்!

பொய் சொல்லாமலே கூட்டிக் காட்டவும் வழி உண்டு. ஒரு பலகையில் விழுந்த பனியை அளந்துவிட்டுத் துடைப்பார்கள். பனி நேரம் ஆக ஆக அமுங்கும் சமாசாரம். மணிக்கொரு தரம் அளந்து கூட்டினால் அங்குலம் ஏறும். அதனால்தான் 6 மணி நேரத்துக்கு ஒரு தடவைக்கு மேல் துடைக்கக் கூடாது என்கிறது அமெரிக்க அரசின் வானிலைத் துறை. காற்று பனியைக் குவிக்கிற மூலையில் பலகையை வைத்தால்... கேட்கவே வேண்டாம்.

இந்தக் குட்டை உடைத்தவர்கள் டார்ட்மவுத் கல்லூரியின் இரண்டு பொருளாதார நிபுணர்கள், ஜோனத்தன் ஜின்மன் மற்றும் எரிக் ஜிட்ஸவிட்ஸ். 2004 முதல் 2008 வரையிலான ரிசார்ட் ரிப்போர்ட்டுகளைக் கிழமைவாரியாகப் பிரித்துப் பார்த்தார்கள். சனி, ஞாயிறுகளில் மட்டும் 23 சதவிகிதம் அதிகப் பனி! அரசாங்க அளவீடுகளில் அப்படி எதுவும் இல்லை. மேகத்துக்கு வீக் எண்ட் தெரியாதே!

போட்டி இருந்தால் வியாபாரி ஒழுங்காக இருப்பான் என்று காமர்ஸ் வகுப்பில் எனக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். இங்கே போட்டி அப்படிக் கட்டுப்படுத்தியதற்குப் பெரிதாக ஆதாரம் கிடைக்கவில்லை. கட்டுப்படுத்தியது வேறொன்று. 2009-ல் ஓர் ஐபோன் ஆப்பில், மலையில் நிற்பவரே 'இங்கே உண்மையில் இவ்வளவுதான்' என்று உடனே எழுதும் வசதி வந்தது. மிகைப்படுத்தல் சட்டென்று சரிந்தது. அதுவும் எங்கே அதிகம்? ஐபோனுக்கு சிக்னல் கிடைத்த மலைகளில்!

இன்று பல ரிசார்ட்டுகள் அளவுகோலுக்கு எதிரே கேமராவையே வைத்துவிட்டன. பக்கத்து மலையில் பனியைத் தானாக எடை போடும் அரசாங்கத்தின் 'ஸ்நோடெல்' கருவி இருந்தால் அதையும் ஒப்பிடலாம். வெள்ளிக்கிழமை ராத்திரி ரிப்போர்ட்டை மட்டும் இரண்டு தடவை படியுங்கள்.

பனி என்றில்லை, எந்தக் கணக்கானாலும் முதலில் கேட்க வேண்டியது, 'எவ்வளவு' அல்ல. 'அளந்தவருக்கு இதில் என்ன லாபம்?'