நச்சு அதிர்ச்சி நோய்த்தொகுப்பும் டாம்பான் பாதுகாப்பும்

நச்சு அதிர்ச்சி நோய்த்தொகுப்பு என்பது ஸ்டெஃபைலோகாக்கஸ் ஆரியஸ் என்னும் பாக்டீரியா வெளியிடும் நச்சினால் உண்டாகும் நோயாகும். அரிதாகவே வரும், வந்தால் உயிரைப் பறிக்கக்கூடியது. திடீர்க் காய்ச்சல், வாந்தி, வயிற்றுப்போக்கு, வெயிலில் கருகியது போன்ற தோல் சிவப்பு, இரத்த அழுத்த வீழ்ச்சி ஆகியவை இதன் அறிகுறிகள். ஓரிரு வாரங்களுக்குப் பின் உள்ளங்கை, உள்ளங்கால் தோல் உரியும்.

பெயர் வந்த விதம்

1978-இல் அமெரிக்காவின் டென்வர் நகரக் குழந்தைநல மருத்துவர் ஜேம்ஸ் டாட் தம் குழுவினருடன் இந்நோய்க்குப் பெயரிட்டு, லான்செட் இதழில் எழுதினார். அவர் விவரித்த ஏழு நோயாளிகளுள் சிறுவர்களும் இருந்தனர். ஆகவே இது மாதவிடாயோடு மட்டும் தொடர்புடைய நோய் அன்று. அறுவைப் புண், தீக்காயம் வழியாகவும் வரும்.

1980-ஆம் ஆண்டு

1980 மே மாதம் அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் 55 நோயாளிகளைப் பற்றி அறிவித்தது. பெரும்பாலோர் மாதவிடாய்க் காலத்தில் இருந்த இளம்பெண்கள். அடுத்தடுத்த ஆய்வுகள் டாம்பானைச் சுட்டின. குறிப்பாக, புராக்டர் அண்டு கேம்பிள் நிறுவனத்தின் ‘ரிலை’ டாம்பானைப் பயன்படுத்தியோர் அதிகமாகப் பாதிக்கப்பட்டிருந்தனர். அந்நிறுவனம் செப்டம்பர் 22 அன்று அதை விற்பனையிலிருந்து விலக்கிக்கொண்டது.

ரிலையில் பஞ்சுக்குப் பதிலாகப் பாலியெஸ்டர் நுரைத் துண்டுகளும், நீரை ஈர்த்து உப்பும் கார்பாக்சிமெத்தில் செல்லுலோசும் இருந்தன. ஆனால் ரிலை மறைந்த பிறகும் நோய் மறையவில்லை. எந்த நிறுவனத்தின் டாம்பானாக இருந்தாலும், உறிஞ்சும் திறன் கூடக் கூட ஆபத்தும் கூடியது. டாம்பானோடு உள்ளே செல்லும் காற்றிலுள்ள ஆக்சிஜன், பாக்டீரியா நச்சை உருவாக்கத் துணைசெய்கிறது என ஆய்வாளர்கள் விளக்குகின்றனர். 1981-இல் அந்த நச்சு அடையாளம் காணப்பட்டது. வயது வந்தோரில் பெரும்பாலோரிடம் அதற்கான எதிர்ப்புப் பொருள் உண்டு. அது இல்லாத இளம்பெண்களே எளிதில் பாதிக்கப்படுகின்றனர்.

பெட்டியின் மேல் வந்த எண்கள்

1982-இல் எச்சரிக்கை வாசகம் கட்டாயமாயிற்று. எனினும் ஒரு நிறுவனத்தின் ‘ரெகுலர்’ மற்றொன்றின் ‘சூப்பரை’விட அதிகமாக உறிஞ்சியது. குறைந்த திறனுள்ளதைத் தேர்ந்தெடுங்கள் என்று சொன்னால், எதை வைத்துத் தேர்ந்தெடுப்பது? எஸ்தர் ரோம் போன்ற பெண்கள் நல ஆர்வலர்கள் பல ஆண்டுகள் போராடினர். 1990-இல்தான் பொதுவான அளவு நடைமுறைக்கு வந்தது. அதன்படி ரெகுலர் என்றால் 6 முதல் 9 கிராம். சூப்பர் என்றால் 9 முதல் 12 கிராம்.

இன்று கவனிக்க வேண்டியவை

தேவைக்கு ஏற்ற மிகக் குறைந்த திறனுள்ள டாம்பானையே பயன்படுத்த வேண்டும். 4 முதல் 8 மணி நேரத்துக்குள் மாற்ற வேண்டும். மாற்றும் முன்னும் பின்னும் கை கழுவ வேண்டும். மாதவிடாய்க் கப் பயன்படுத்துவோருக்கும் மிக அரிதாக இந்நோய் வந்துள்ளது. காய்ச்சலும் தோல் சிவப்பும் தோன்றினால், உள்ளே இருப்பதை உடனே எடுத்துவிட்டு மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். டாம்பானோ கப்போ பயன்படுத்தியதை மருத்துவரிடம் மறைக்காமல் சொல்ல வேண்டும். இதில் வெட்கப்பட ஏதுமில்லை. அந்த ஒரு சொல்லே உயிரைக் காக்கக்கூடும்.