ஃபோர்க்லிஃப்ட் ஓட்ட ஹெவி லைசென்ஸ் இருந்தா போதுமா? பயிற்சி பற்றி ஒரு கைடு!

அம்பத்தூர் எஸ்டேட், ஆவடி, திருமழிசை, பூந்தமல்லி வட்டாரத்தில் கம்பெனி, குடோன் வேலை தேடுபவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்வி, ``நமக்குத்தான் வண்டி ஓட்டத் தெரியுமே, ஃபோர்க்லிஃப்ட்டுக்குத் தனியா எதுக்கு டிரெய்னிங்?'' காரணம் இருக்கு!

கார் வேற, இது வேற

கார் முன்சக்கரத்தால் திரும்பும். ஃபோர்க்லிஃப்ட் பின்சக்கரத்தால் திரும்பும். ஸ்டியரிங்கை ஒடித்தால் பின்பக்கம் அகலமாக வீசும். பக்கத்தில் நிற்பவரை இடித்துவிடும். 3 டன் தூக்கும் டீசல் வண்டி, லோடு இல்லாமலேயே 4 டன்னுக்கு மேல் எடை இருக்கும்.

ஆர்.டி.ஓ லைசென்ஸ் வேண்டுமா?

தொழிற்சாலை போன்ற மூடிய வளாகத்துக்குள் மட்டும் ஓடும் சிறப்பு வகை வண்டியை, 1988-ம் வருட மோட்டார் வாகனச் சட்டம் `மோட்டார் வாகனம்' என்று கணக்கில் எடுப்பதில்லை. கேட்டைத் தாண்டி ரோட்டில் இறங்கினால் கதையே வேறு. அங்கே ரிஜிஸ்ட்ரேஷன், லைசென்ஸ் எல்லாம் வேண்டும். சில நிறுவனங்கள் உள்ளே ஓட்டவும் லைசென்ஸ் கேட்கும். அது அவர்களின் விதி.

லைசென்ஸ் தேவையில்லை என்பதால் பயிற்சியும் தேவையில்லை என்று அர்த்தமில்லை. வேலையிடப் பாதுகாப்பு குறித்துப் பயிற்சி பெறுவதைத் தொழிலாளியின் உரிமையாகவே 1948-ம் வருட தொழிற்சாலைகள் சட்டத்தில் 1987-ல் சேர்த்தார்கள்.

நல்ல பயிற்சி எப்படி இருக்கும்?

அமெரிக்காவின் ஓஷா விதி மூன்று கட்டம் சொல்கிறது: வகுப்பு, வண்டியில் நேரடிப் பழக்கம், வேலை செய்யும் இடத்திலேயே டெஸ்ட். 3 வருடத்துக்கு ஒருமுறையாவது மறுபடி சோதிக்க வேண்டும். விபத்து நடந்தாலோ, வேறு வகை வண்டி கொடுத்தாலோ திரும்பப் பயிற்சி. நம்ம ஊர் சென்டர்களையும் இதே அளவுகோலில் பார்க்கலாம். பணம் கட்டும் முன் கேளுங்கள்... வண்டியில் எத்தனை மணி நேரம் உட்கார வைப்பீங்க? லோடோட ஓட்ட விடுவீங்களா? ஒரே நாளில் போட்டோ எடுத்து, கார்டு போட்டுக் கொடுப்பவர்களிடம் உஷார்!

கட்டாயம் பழக வேண்டியவை

* தினமும் ஷிஃப்ட் தொடங்கும் முன் பிரேக், ஹார்ன், செயின், ஃபோர்க், டயர், ஆயில் கசிவு செக்கிங்.
* கெபாசிட்டி பிளேட் படிப்பது. 500 மி.மீ லோடு சென்டரில் 3 டன் தூக்கும் வண்டி, பெட்டி நீளமாகி சென்டர் தள்ளிப்போனால் அதே 3 டன்னைத் தூக்காது.
* ஓடும்போது ஃபோர்க் தரையிலிருந்து 15-20 செ.மீ உயரத்தில் இருப்பது. தூக்கிக்கொண்டே திரும்பினால் வண்டி சாயும்.
* லோடோடு சரிவில் ஏறும்போது முன்பக்கமாக, இறங்கும்போது ரிவர்ஸில்.
* ஃபோர்க்கில் ஆளை ஏற்றவே கூடாது.

வண்டி சாய்ந்தால்?

குதிக்காதீர்கள்! குதிப்பவர் மேல்தான் மேற்கூரைச் சட்டம் விழும். சீட் பெல்ட்டோடு ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்து, சாயும் திசைக்கு எதிர்ப்பக்கம் உடம்பைச் சாயுங்கள்.

சேர்ந்த முதல் நாளே சூப்பர்வைசர் சாவியை நீட்டினால், ``சார், இந்த வண்டியில ஒரு நாள் பழகிக்கிறேன், சீனியர் ஒருத்தர் கூட இருக்கட்டும்'' என்று கேட்டுவிடுங்கள். கேட்பதில் தப்பே இல்லை!