கம்பியில் குத்திய காலணாக் கார்டு

கும்பகோணத்தில் ஒரு பழைய பேப்பர் கடை. எடைக்கு வந்த நோட்டுகளுக்கும் பஞ்சாங்கங்களுக்கும் நடுவே, துருப்பிடித்த கம்பியில் கோத்தபடியே ஒரு கத்தைத் தபால் கார்டு கிடந்தது. எனக்கு முன்னாலேயே யாரோ அதைப் பார்த்திருக்கிறார்கள். பாதிக்கு மேல் கார்டுகளில் வலது மேல் மூலை இல்லை. விக்டோரியா ராணியின் தலையைக் கத்தரித்து எடுத்துக்கொண்டு மிச்சத்தைக் கம்பியிலேயே விட்டுப் போயிருந்தார்கள். கம்பியோடு மொத்தமாக வாங்கி வந்தேன்.

முழுசாகத் தப்பியவற்றில் ஒன்றின் கதை இது.

செம்பழுப்பு நிறத்தில் அச்சடித்த கார்டு. வலப்பக்கம் ராணி, நடுவில் அரச சின்னம், மேலே ‘ஈஸ்ட் இந்தியா போஸ்ட் கார்டு’. இந்தப் பக்கத்தில் விலாசம் மட்டுமே எழுத வேண்டும் என்று ஆங்கிலத்தில் ஓர் எச்சரிக்கை. திருப்பினால் மறுபக்கம் முழுக்க நெருக்கி எழுதிய தமிழ். மேல் விளிம்பை ஒட்டிக் கம்பி ஏறிய ஓட்டை, அதைச் சுற்றித் துருவின் வளையம். ‘விகாரி ௵ மார்கழி ௴’ என்பது வரை படிக்க முடிகிறது. தேதி இருந்த இடத்தில்தான் ஓட்டை.

தபால் கார்டு என்ற யோசனையே அப்போது இளசு. 1869 அக்டோபர் 1ஆம் தேதி ஆஸ்திரியா-ஹங்கேரியில்தான் உலகின் முதல் அரசுத் தபால் கார்டு விற்பனைக்கு வந்தது. இரண்டு வரிச் சேதிக்கு எதற்கு ஒரு தாள், ஓர் உறை, இத்தனை செலவு என்று இம்மானுவேல் ஹெர்மன் என்ற பொருளியல் பேராசிரியர் பத்திரிகையில் எழுதியது அதற்கு வித்து. பத்து வருஷம் கழித்து, 1879 ஜூலை 1 அன்று, இந்தியாவுக்கு வந்தது. உள்நாட்டுக்குக் காலணா, வெளிநாட்டுக்கு ஒன்றரை அணா. உறையிட்ட கடிதத்துக்கு அரையணா ஆன காலத்தில் அதில் சரிபாதி! ரூபாயில் அறுபத்து நான்கில் ஒரு பங்கு. கூலிக்காரரும் ஊருக்குச் சேதி அனுப்பலாம் என்றானது இந்தக் காலணாவால்தான். இதைவிடப் பெரிய காரியத்தைத் தபால் இலாகா செய்ததாக எனக்குத் தோன்றவில்லை.

அச்சடித்தது லண்டனில், டி லா ரூ கம்பெனி. நாசிக்கில் நமக்கென்று அச்சகம் வந்தது 1925இல். ஆகவே எழுதுகிறவர் கைக்கு வருமுன்பே இந்தக் கார்டு கடல் கடந்துவிட்டது. 1899இல் ‘ஈஸ்ட்’ என்ற சொல்லைக் கார்டிலிருந்து எடுத்துவிட்டார்கள். இதில் அந்தச் சொல் இருக்கிறது, விகாரி மார்கழியோ 1899 டிசம்பர் நடுவில் பிறந்தது. ஆக, பழைய இருப்பிலிருந்து விற்ற கார்டு.

எழுதியவர் திருநெல்வேலிக்காரர். கட்டைப் பேனாவை மையில் தொட்டுத் தொட்டு எழுதியது தெரிகிறது. நாலைந்து சொல்லுக்கு ஒருமுறை எழுத்து வெளிறி, மறுபடி கறுக்கிறது. கடுக்காயும் அன்னபேதியும் சேர்த்துக் காய்ச்சிய மையாக இருக்க வேண்டும். அந்த மை வருஷம் போகப்போகக் காகிதத்தை அரிக்கும். இங்கும் ஒவ்வொரு எழுத்தைச் சுற்றியும் பழுப்பு கசிந்திருக்கிறது. பிள்ளையார் சுழிக்குக் கீழே, மாயவரம் தாலுகாவில் இருந்த தம்பிக்கு அண்ணன் சொல்கிறார்: இவ்விடம் க்ஷேமம். ஐந்து ரூபாய் மணியார்டர் வந்து சேர்ந்தது. பசு ஈன்றிருக்கிறது. நெல் கோட்டை இன்ன விலை. அம்மாளுக்கு இருமல் குறையவில்லை. பொங்கலுக்கு நீ அவசியம் வரவும். ‘அவசியம்’ என்பதை இரண்டு தரம் எழுதியிருக்கிறார்.

முகப்பில் இரண்டு முத்திரைகள். புறப்பட்ட இடம் ‘டின்னவேலி’, 1900 ஜனவரி 5. சேர்ந்த இடம் மாயவரம், ஜனவரி 7. ஓட்டை விழுங்கிய தேதியை இந்த முத்திரைதான் திருப்பித் தந்தது. நடுவில் இரண்டு நாள் தென்னிந்திய ரயில்வேயின் மீட்டர்கேஜ் பாதை: மணியாச்சியில் பெரிய பாதையோடு சேர்ந்து மதுரை, திருச்சி, தஞ்சாவூர் வழியாக மாயவரம். அங்கிருந்து கிராமத்துக்கு நடை. பொங்கலுக்கு ஒரு வாரத்துக்கும் குறைவான நாளே பாக்கி.

கார்டை யாரும் படிக்கலாம். படிக்கத் தெரியாத வீடுகளில் தபால்காரரே திண்ணையில் உட்கார்ந்து உரக்கப் படித்துக் காட்டுவார். படித்தான பிறகு கார்டு போகும் இடம் கம்பி. கீழே கட்டை, மேலே கொக்கி, நடுவில் குத்திக் குத்தி ஏறும் கடிதங்கள். எல்லாக் கார்டும் கம்பி ஏறாது. சாவுச் சேதி சொல்லும் கார்டைப் படித்த கையோடு கிழித்துப் போட்டுவிட்டுத்தான் தலை முழுகுவார்கள். அதனால்தான் இத்தனை வருஷம் தேடியும் பழைய கருமாதிக் கார்டு என் கைக்கு அகப்படுவது அபூர்வம். மூலையில் மஞ்சள் தடவிய கல்யாணக் கார்டுகளுக்குக் குறைவே இல்லை. எஞ்சியதை மட்டும் வைத்துப் பார்த்தால் அந்தக் காலத்தில் யாருமே சாகவில்லை என்று தோன்றும்.

கம்பிக்கு இன்னொரு குணம் உண்டு. முதலில் வந்தது அடியில், கடைசியாக வந்தது மேலே. எந்தப் பதிவேடும் இல்லாமல் வரிசை தானாக நிற்கும். வீடு மாறலாம், தலைமுறை மாறலாம், பரண் ஏறலாம். கம்பியிலிருந்து உருவாத வரை வரிசை கலையாது.

ஓட்டை விழுந்த கார்டு என்றால் சேகரிப்பாளர் பலர் தள்ளிவிடுவார்கள். எழுதாத, மடங்காத, முத்திரை படாத கார்டுக்குத்தான் அவர்களிடம் மவுசு. எனக்கு அது பிரசிலிருந்து புறப்படாத கார்டு, அவ்வளவுதான். விலாசம், முத்திரை, துரு, மை அரித்த தழும்பு எல்லாம் சேர்ந்ததுதான் அஞ்சல் வரலாறு. தலையை மட்டும் கத்தரித்து ஆல்பத்தில் ஒட்டுவதைப் பார்க்கும்போதெல்லாம் வயிறு எரிகிறது. சிறுவயதில் என் ஆல்பத்திலும் அப்படி வெட்டிய தலைகள் பத்துப் பன்னிரண்டு இருந்தன. எந்த ஊரிலிருந்து எந்த ஊருக்குப் போனவை என்று இனி எவராலும் சொல்ல முடியாது.

தம்பி பொங்கலுக்குப் போனாரா?

கம்பியில் இதற்கு நேர் மேலே இருந்த கார்டும் அதே அண்ணன் எழுத்து. மாயவரம் முத்திரை 1900 ஜனவரி 25. தை பிறந்து பத்து நாளுக்கு மேலாகிவிட்டது. அதில் ராணி தலை இல்லை. முகப்பில் வலது மேல் மூலை போனால், மறுபக்கத்தில் இடது மேல் மூலை போகும், அதாவது முதல் வரிகளின் தொடக்கம். வெட்டுக்கு இந்தப் பக்கம் மிஞ்சியிருப்பது, “போன பிறகு அம்மாள் சரியாகச் சாப்பிடுவதில்லை.”

நீ போன பிறகா, பொங்கல் போன பிறகா? அந்தச் சொல் ராணியின் தலைக்குப் பின்னால் இருந்தது.